கரைசலில் உள்ள அயனிகளை வீழ்படிவு கொண்டு அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவின் கடைமடைப் பகுதியில் மேல்நிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வருகிறேன். ஆய்வகத்தில் மாணவர்கள் கேட்ட கேள்விகளும், போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து "இதில் என்ன இருக்கிறது?" என்று விவசாயிகள் கேட்ட கேள்விகளும் இங்கே சேர்ந்திருக்கின்றன. இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். சோதனைக் குழாயில் வெள்ளையாக ஏதோ ஒன்று தோன்றியதும் விடை கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த வெள்ளை எந்தச் சூழலில் தோன்றியது, பிறகு எதில் கரைந்தது, எதில் கரையவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது சான்றாகும்.

வண்டலும் வீழ்படிவும் ஒன்றா?

இல்லை. ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் வரும் கலங்கல் நீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் தங்குவது வண்டல். அது ஆற்றில் வரும்போதே திண்மத் துகளாகத்தான் வந்தது. வீழ்படிவு அப்படிப்பட்டதன்று. தெளிந்த இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது, ஒன்றிலுள்ள நேர் அயனியும் (நேர் மின்சுமையுள்ள துகள்) மற்றொன்றிலுள்ள எதிர் அயனியும் (எதிர் மின்சுமையுள்ள துகள்) கூடி, நீரில் கரையாத புதிய பொருளாகி, அங்கேயே திண்மமாகப் பிரிவதைத்தான் வீழ்படிவு என்கிறோம். ஆகவே எந்த நீரைச் சோதிப்பதாக இருந்தாலும் முதலில் வடிதாளில் வடிகட்டி, கண்ணாடி போலத் தெளிந்த வடிநீரை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். கலங்கலான நீரில் தோன்றும் கலங்கலை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது.

எல்லா உப்புகளும் கரையும்போது சில மட்டும் ஏன் வீழ்படிவாகின்றன?

முழுவதும் கரையாத உப்பு என்று எதுவும் இல்லை. கரையும் அளவுதான் வேறுபடுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சமையல் உப்பு ஏறத்தாழ 360 கிராம் கரையும். ஜிப்சம் (நீரேறிய கால்சியம் சல்பேட்) இரண்டு கிராமுக்குச் சற்றே கூடுதலாகக் கரையும். பேரியம் சல்பேட்டும் சில்வர் குளோரைடும் இரண்டு மில்லிகிராம் அளவில்தான் கரையும். ஒரு உப்பின் நேர் அயனிச் செறிவையும் எதிர் அயனிச் செறிவையும் பெருக்கி வரும் எண், அந்த உப்புக்கே உரிய கரைதிறன் பெருக்கத்தைத் தாண்டினால் வீழ்படிவு தோன்றும், தாண்டாவிட்டால் தோன்றாது. சில்வர் குளோரைடுக்கு அந்த மதிப்பு 25 டிகிரியில் ஏறத்தாழ 1.8 × 10⁻¹⁰; சில்வர் அயோடைடுக்கு அது இன்னும் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. அம்மோனியாவில் ஒன்று கரைவதும் மற்றொன்று கரையாததும் இந்த வேறுபாட்டால்தான்.

போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதில் குளோரைடு இருப்பதை எப்படி உறுதி செய்வது?

வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கரையோர ஊர்களில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும்போது நன்னீரின் மட்டம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தை நோக்கிக் கடல்நீர் மண்ணடியில் உள்நோக்கி நகர்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருப்பதால், அது சிறிதளவு கலந்தாலே நீரின் சுவை மாறிவிடும்.

வடிகட்டிய நீரில் ஐந்து மில்லிலிட்டரைத் தூய்மையான சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து, அதன் பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலைத் துளித்துளியாக விட வேண்டும். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் அது சில்வர் குளோரைடாக இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் எழுதுகிறேன். தெளிவை இறுத்துவிட்டு வீழ்படிவின் மீது அம்மோனியா கரைசலை ஊற்றுங்கள். அது முழுவதும் கரைய வேண்டும். கரைந்த அந்தத் தெளிந்த நீரில் மறுபடியும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து அமிலமாக்கினால் வெண்படிவு திரும்பவும் தோன்ற வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் குளோரைடு உறுதி. புரோமைடாக இருந்திருந்தால் வீழ்படிவு வெளிர் மஞ்சளாக இருக்கும், அம்மோனியாவில் அரைகுறையாகத்தான் கரையும். அயோடைடாக இருந்திருந்தால் மஞ்சளாக இருக்கும், கரையவே கரையாது. வெயிலில் வைத்தால் சில்வர் குளோரைடு சாம்பல் கலந்த ஊதாவாக மாறும் என்பதும் பயனுள்ள ஓர் அடையாளம்.

அயோடின் சேர்த்த உப்பைக் கரைத்துச் சோதித்தும் மஞ்சள் நிறம் வரவில்லையே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம் நாட்டில் உப்பில் சேர்க்கப்படுவது பொட்டாசியம் அயோடேட். அது அயோடைடு அன்று. அதன் அளவும் மிக மிகக் குறைவு.

நைட்ரிக் அமிலத்தை ஏன் முதலில் சேர்க்க வேண்டும்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் ஆகாதா?

வெள்ளி அயனி குளோரைடோடு மட்டும் கூடுவதில்லை. கார்பனேட் இருந்தால் சில்வர் கார்பனேட்டும், பாஸ்பேட் இருந்தால் மஞ்சள் நிறச் சில்வர் பாஸ்பேட்டும் வீழ்படியும். உரமிட்ட வயலின் வடிகால் நீரிலும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரிலும் இவை இருக்கக்கூடும். நைட்ரிக் அமிலம் இந்த இரண்டையும் கரைத்து விலக்கிவிடும். சில்வர் குளோரைடை அதனால் கரைக்க இயலாது. ஆகவே அமிலம் சேர்த்த பிறகும் நிற்கும் வீழ்படிவுக்குத்தான் மதிப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தாலோ, எதைத் தேடுகிறோமோ அதையே நம் கையால் குழாய்க்குள் போட்டதாகிவிடும். சல்பேட் சோதனையில் கந்தக அமிலத்தைச் சேர்க்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். எந்தச் சோதனைக்கும் அமிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த அமிலத்தின் எதிர் அயனி என்ன என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் மாணவர்களுக்கு வர வேண்டும்.

எந்த நீரை எடுத்தாலும் வெள்ளையாகிறது. காய்ச்சி வடித்த நீர்கூட வெள்ளையாகிறது. சில்வர் நைட்ரேட் கெட்டுவிட்டதா?

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு வகுப்பு முழுவதும் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட உப்பில் குளோரைடு இருப்பதாக எழுதியிருந்தார்கள். நான் கொடுத்ததோ சல்பேட் உப்பு. சில்வர் நைட்ரேட் பழையது என்று எண்ணி, புதிதாக வாங்கிக் கரைத்தேன். மறுபடியும் அதே வெள்ளை. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது: சோதனைக் குழாய்களைக் கழுவிய குழாய் நீரே கரிப்பு நீர். கழுவிக் கவிழ்த்த குழாயின் சுவரில் ஒட்டியிருந்த சில துளிகளே அந்த வெள்ளைக்குப் போதுமானவையாக இருந்தன.

அன்று முதல், குழாய்களைக் கடைசியாக ஒருமுறை காய்ச்சி வடித்த நீரால் அலசாமல் எந்தச் சோதனையையும் தொடங்க விடுவதில்லை. அதோடு வெற்றுச் சோதனையும் கட்டாயம். சோதிக்க வேண்டிய நீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, அதே அமிலம், அதே சில்வர் நைட்ரேட், அதே வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் குழாய் தெளிவாக இருந்தால்தான் பக்கத்துக் குழாயின் வெள்ளையை நம்பலாம். கடைகளில் பேட்டரிக்கென்று விற்கும் நீரை வாங்கினாலும் முதலில் வெற்றுச் சோதனை செய்துவிட்டே பயன்படுத்துங்கள். சோதனை வேலை செய்கிறதா என்பதை அறிய, சிட்டிகை உப்பைக் கரைத்த நீரில் இன்னொரு குழாயையும் வைத்துக்கொள்வது நல்லது. இப்படி ஒரு பக்கம் இல்லாததும் மறுபக்கம் இருப்பதும் நிற்க, நடுவே நம் மாதிரி நிற்க வேண்டும்.

வெள்ளை அதிகமாக வந்தால் உப்பு அதிகம் என்று கொள்ளலாமா?

ஓர் எல்லை வரைதான் கொள்ளலாம். அந்த எல்லை நாம் நினைப்பதைவிட மிகவும் தாழ்ந்தது. கணக்கிட்டுப் பார்ப்போம். 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டின் ஒரு துளியை 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், அதில் இருப்பது 0.005 மில்லிமோல் வெள்ளி. ஐந்து மில்லிலிட்டர் நீரில் அவ்வளவு வெள்ளியைத் தீர்க்கத் தேவையான குளோரைடு, லிட்டருக்கு ஏறத்தாழ 35 மில்லிகிராம் அளவுதான். அதற்கு மேல் 250 இருந்தாலும் 1000 இருந்தாலும், ஒரு துளிக்கு வரும் வெள்ளை ஒன்றேதான். வெள்ளி தீர்ந்துவிட்டதால் மிஞ்சிய குளோரைடு கண்ணுக்குத் தெரியாமல் கரைசலிலேயே நிற்கிறது. ஒரு துளி விட்டுவிட்டு இரண்டு கிணறுகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அளவு வேண்டுமானால் தரம்பார்த்தல் செய்ய வேண்டும், அதாவது செறிவு தெரிந்த கரைசலை எவ்வளவு விட்டால் வினை முடிகிறது என்று அளக்க வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் பிரெடரிக் மோர் 1856-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. நடுநிலையான நீரில் பொட்டாசியம் குரோமேட் கரைசலைச் சிறிதளவு சேர்த்து, அளவு குறித்த பியூரெட் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டை விட்டுவர வேண்டும். குளோரைடு முழுவதும் வீழ்படிந்து தீர்ந்த பிறகே, செங்கல் நிறச் சில்வர் குரோமேட் நிலையாகத் தோன்றும். இங்கே மட்டும் நைட்ரிக் அமிலம் கூடாது. அமிலத்தில் சில்வர் குரோமேட் தோன்றாது.

பியூரெட் இல்லாத இடத்தில் ஒப்பீட்டு முறை ஒன்று உண்டு. 1.65 கிராம் தூய உப்பை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் குளோரைடு 1000 மில்லிகிராம் ஆகும். அதையும் கிணற்று நீரையும் ஒரே விதமாக நூறு மடங்கு நீர்த்து, ஒரே அளவு வெள்ளி சேர்த்து, கறுப்புத் தாளின் முன் பிடித்துக் கலங்கலை ஒப்பிடலாம். குடிநீருக்கான இந்தியத் தர வரையறை குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 1000 மில்லிகிராமை இறுதி எல்லையாகவும் வைத்துள்ளது. ஒப்பீட்டு முறையில் கிடைப்பது தோராயமான மதிப்புதான்; குடிப்பதற்கு ஏற்றதா என்று முடிவு செய்ய நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்ப வேண்டும்.

சல்பேட்டை அறிவது எப்படி?

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கிய பிறகு பேரியம் குளோரைடு கரைசலை விட்டால், மாவு போன்ற வெண்ணிறப் பேரியம் சல்பேட் படியும். அமிலத்தை எவ்வளவு சேர்த்தாலும் அது கரையாது. கார்பனேட்டும் சல்பைட்டும் தரும் பேரியம் உப்புகள் அமிலத்தில் கரைந்துவிடும்.

பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் பிடிக்கிறது. இதற்கும் வீழ்படிவுக்கும் தொடர்பு உண்டா?

அந்தப் படலமே வீழ்படிவுதான். நீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தில் படிகிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைத்துப் பொங்கும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதும் வீழ்படிவே. சோப்பின் எதிர் அயனியோடு கால்சியமும் மக்னீசியமும் கூடிக் கரையாத பொருளாகின்றன.

இதே வினையை முன்னும் பின்னுமாகக் கண்ணால் காண ஓர் எளிய வழி இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலையோடு சேர்க்கும் சுண்ணாம்பில் சிறிதளவைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் சுண்ணாம்புத் தெளிநீரை வடித்துக்கொள்ளுங்கள். அதனுள் குழல் வழியாக மெல்ல ஊதினால் பால் போலாகும், உறிஞ்சிவிடக் கூடாது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் பால்நிறம் மங்கித் தெளியத் தொடங்கும். முதலில் கரையாத கார்பனேட் உண்டாயிற்று. பிறகு அதுவே கரையும் பைகார்பனேட்டாக மாறிற்று. தெளிந்த அந்த நீரைக் கொதிக்க வைத்தால் மறுபடியும் கலங்கும். கடின நீர் உண்டாவதும் அது பாத்திரத்தில் படிவதும் ஒரே குழாய்க்குள் முடிந்துவிடுகின்றன. மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தனித்தனியே அறிய, முதலில் சிறிது அம்மோனியா சேர்த்து, அம்மோனியம் ஆக்சலேட் கரைசலை விட வேண்டும். வெண்ணிறக் கால்சியம் ஆக்சலேட் படியும்; அது அசிட்டிக் அமிலத்தில் கரையாது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மையானவை இந்தப் பொருளால் ஆனவையே. கால்சியம் முழுவதும் படிந்த பிறகு வடிகட்டி, வடிநீரில் அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் மூன்றையும் சேர்த்துக் கண்ணாடிக் கோலால் குழாயின் உட்சுவரைத் தேய்த்தால், மக்னீசியம் வெண்ணிறப் படிகமாக வெளிவரும். தேய்த்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். உடனே வரவில்லை என்று கொட்டிவிடுகிறவர்கள் பலர்.

வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பதும் இதே வேதியியல்தானா?

ஆம், ஆனால் அங்கே வினைப்பொருள் எதையும் சேர்ப்பதில்லை, வெயிலே செறிவைக் கூட்டுகிறது. கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. அதற்குப் பிறகே உப்பு படிகிறது. மக்னீசியம் உப்புகள் மிக நன்றாகக் கரைபவை என்பதால், உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அந்தக் கசப்பு நீரைச் சில துளி எடுத்து மேலே சொன்ன பாஸ்பேட் சோதனையைச் செய்தால் மக்னீசியம் உடனே தெரியும். ஆக்சலேட் சோதனையில் கால்சியம் அநேகமாகத் தெரியாது, ஏனெனில் அது முன்பே படிந்துவிட்டது. 1930-இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த கரை இது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஈரம் கோத்து நீர்விடுவதற்கும், அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடே முதன்மையான காரணம்.

வயலுக்கு வாங்கிய ஜிங்க் சல்பேட் கலப்படமா என்று பார்க்க முடியுமா?

முடியும். சம்பாவுக்கும் குறுவைக்கும் அடியுரமாக இடப்படும் ஜிங்க் சல்பேட்டில் மலிவான மக்னீசியம் சல்பேட்டைக் கலப்பது நெடுநாளாக அறியப்பட்ட மோசடி. இரண்டும் வெண்ணிறப் படிகங்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது. சல்பேட் சோதனையும் உதவாது, இரண்டிலும் சல்பேட் இருக்கிறது. துத்தநாகத்தையும் (ஜிங்க்) மக்னீசியத்தையும் பிரித்துக் காட்டுவது சோடியம் ஹைட்ராக்சைடுதான்.

ஒரு சிட்டிகை உரத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வடிகட்டி, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்த்தால், இரண்டு உலோகங்களுமே வெண்ணிற ஹைட்ராக்சைடைத் தரும். இங்கே நிறுத்திவிட்டால் ஒன்றும் தெரியாது. மேலும் மேலும் சேர்த்துக் குலுக்குங்கள். துத்தநாக ஹைட்ராக்சைடு மிகுதியான காரத்தில் கரைந்து ஜிங்கேட்டாகி, குழாய் தெளிந்துவிடும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு சேர்த்தாலும் கரையாது. தெளியாமல் எஞ்சி நிற்கும் வெள்ளையே கலப்படத்தின் முதல் அறிகுறி.

முதல் அறிகுறி என்றுதான் சொல்ல வேண்டும். காரம் போதாமல் கரையாதிருப்பதற்கும், மக்னீசியம் கரையாதிருப்பதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும். இல்லையென்றால் நேர்மையான கடைக்காரர்மீது பழி விழும். தூய்மையானது என்று உறுதியாகத் தெரிந்த ஜிங்க் சல்பேட்டை அதே எடையில் எடுத்து, அதே துளிக் கணக்கில் பக்கத்தில் செய்து பாருங்கள். அது தெளிந்து, உங்கள் உரம் தெளியாவிட்டால், எஞ்சியதை வடிகட்டிக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சேர்த்து மக்னீசியத்தை உறுதி செய்யுங்கள். எஞ்சியது செம்பழுப்பாக இருந்தால் அது இரும்பு. வடிநீரில் அமிலத்தை மெல்லச் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால் துத்தநாக ஹைட்ராக்சைடு மறுபடியும் வெள்ளையாகத் திரும்பும். அது துத்தநாகம் இருப்பதற்குச் சான்று.

வயலோரத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கிடைக்காது என்பவர்களுக்கு டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசல் ஒரு வழி. வடிகட்டிய டிஏபி கரைசலோடு ஜிங்க் சல்பேட் கரைசலைச் சேர்த்தால் கட்டிகட்டியாக வீழ்படிவு வரும். வெறும் மக்னீசியம் சல்பேட்டாக இருந்தால் அப்படி வராது. ஆனால் பாதிக்குப் பாதி கலந்ததை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதால், நான் இதை முதல் வடிகட்டலாக மட்டுமே பரிந்துரைக்கிறேன். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஏழு மூலக்கூறு நீர் கொண்ட ஜிங்க் சல்பேட்டில் துத்தநாகம் குறைந்தது 21 சதவீதம் இருக்க வேண்டும், மக்னீசியம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சந்தேகம் வலுத்தால் மூட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவித்து, முறைப்படி மாதிரி எடுக்கச் செய்யுங்கள்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருப்பதை மாணவர்கள் காண முடியுமா?

கடைசல் பட்டறையில் கிடைக்கும் சிறு துருவலே போதும். அதை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போது செம்பழுப்பு நிற நச்சுவாயு கிளம்பும். ஆசிரியரே, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துச் செய்ய வேண்டும். கிடைக்கும் நீலக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்தால் செம்பு நீல ஹைட்ராக்சைடாகப் படியும், துத்தநாகம் கரைசலில் தங்கும். வடிகட்டி மேலே சொன்னபடி துத்தநாகத்தைத் திரும்ப வரவழைக்கலாம். அம்மோனியாவைக் கொண்டு இப்படிப் பிரிக்க இயலாது. மிகுதியான அம்மோனியாவில் இரண்டுமே கரைந்துவிடும், செம்பின் கருநீலம் மட்டுமே கண்ணை நிறைக்கும்.

காரமூலங்களை (உப்பின் நேர் அயனிகளை) ஏன் தொகுதி தொகுதியாக, குறித்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு தொகுதியின் வினைப்பொருளும் பின்னால் வரும் தொகுதிகளை விட்டுவிட்டுத் தன் தொகுதியை மட்டும் படியச் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முன்னால் உள்ளவை அதற்குள் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் தொகுதியில், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் முன்னிலையில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் சல்பைடு அயனியின் செறிவை மிகவும் குறைத்துவிடுகின்றன. அந்தச் சிறு செறிவுக்கும் படியக்கூடியவை செம்பு, ஈயம், காட்மியம் போன்றவையே. நான்காம் தொகுதியில் அதே வாயுவை அம்மோனியா கரைசலில் செலுத்தும்போது சல்பைடு மிகுந்து, துத்தநாகம் வெண்மையாகவும், மாங்கனீஸ் தசை நிறத்திலும், கோபால்ட்டும் நிக்கலும் கறுப்பாகவும் படிகின்றன. இடையில் வரும் மூன்றாம் தொகுதியில் அம்மோனியாவுக்கு முன் அம்மோனியம் குளோரைடைச் சேர்ப்பது பொது அயனி விளைவுக்காக. அது ஹைட்ராக்சைடு செறிவை அடக்கி வைப்பதால் இரும்பும் அலுமினியமும் படிகின்றன, மக்னீசியம் படிவதில்லை. இந்த அம்மோனியம் குளோரைடை மறந்துவிடுவதுதான் செய்முறைத் தேர்வில் நான் மிகுதியாகக் காணும் பிழை. 1841-இல் பிரெசீனியஸ் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறையின் வழியில்தான் இன்றைய பண்பறி பகுப்பாய்வு கற்பிக்கப்படுகிறது.

படிகாரம் போட்டால் ஆற்று நீர் தெளிகிறதே, அது எந்த அயனியின் வேலை?

அலுமினியத்தின் வேலை. நீரிலுள்ள பைகார்பனேட்டோடு வினைபுரிந்து, கூழ் போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படியும்போது, கலங்கலையும் தன்னோடு அள்ளிக்கொண்டு அடியில் தங்குகிறது. தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலக்கும்போதும் துகள்கள் திரண்டு படிகின்றன. ஆயினும் அங்கே கரையாத உப்பு எதுவும் புதிதாக உண்டாவதில்லை.

நிலம் களரா உவரா என்று இந்தச் சோதனைகள் சொல்லுமா?

ஓரளவு சொல்லும். ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, நன்றாகக் குலுக்கித் தெளியவிட்டு வடிகட்டுங்கள். உவர் நிலத்துச் (கரையும் உப்பு மிகுந்த நிலத்துச்) சாறு விரைவில் தெளியும். அதில் குளோரைடும் சல்பேட்டும் திண்ணமாக வரும். களர் நிலத்துச் (களிமண்ணில் சோடியம் மிகுதியாக ஒட்டிய நிலத்துச்) சாறு எளிதில் தெளியாது, ஏனெனில் சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து மிதக்க வைக்கிறது; அதில் காரத்தன்மையைக் காட்டும் பினாப்தலீன் ஒரு துளி விட்டால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகும், அமிலம் விட்டால் நுரைக்கக்கூடும், கால்சியம் மிகக் குறைவாக இருக்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டக் கரையோர வயல்களில் உப்பு ஏறிக் கிடந்தபோது, ஜிப்சம் இடுவதும் நன்னீர் கட்டி வடிப்பதும் ஏன் பேசப்பட்டன என்பதை இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஜிப்சத்தின் கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை வெளியேற்றுகிறது. வெளியேறிய சோடியம் சல்பேட்டாக நீரோடு வடிகிறது. வடிகால் வாய்க்கால் நீரைப் பேரியம் குளோரைடு கொண்டு பார்த்தால், வடியும் சல்பேட்டைக் காணலாம். ஜிப்சம் எவ்வளவு தேவை என்பதை மட்டும் மண் பரிசோதனை நிலையமே கணித்துச் சொல்ல வேண்டும்.

இறைக்கும்போது தெளிவாக இருக்கும் நீர், வாளியில் நின்றதும் சிவப்பாகிறது. ஏன்?

நிலத்தடியில் காற்றுப் படாமல் இரும்பு இரண்டாம் நிலை அயனியாகக் கரைந்திருக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் மூன்றாம் நிலைக்கு ஏறி, செம்பழுப்பு ஹைட்ராக்சைடாகத் தானே படிகிறது. உறுதி செய்ய, அந்தப் படிவை நீர்த்த அமிலத்தில் கரைத்துப் பொட்டாசியம் பெர்ரோசயனைடு கரைசலைச் சேர்த்தால் அடர்நீல வீழ்படிவு வரும். பாசியும் சில வேளை சிவந்து படிவதுண்டு. அது இந்த நீலத்தைத் தராது.

எந்த அயனிகளை இம்முறையில் அறிய முடியாது?

சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், நைட்ரேட் ஆகியவற்றின் உப்புகள் ஏறத்தாழ எல்லாமே கரைபவை. சோடியத்துக்குச் சுடர்ச் சோதனையின் பொன்மஞ்சள், அம்மோனியத்துக்குக் காரத்தோடு சூடாக்கும்போது எழும் நெடி, நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம் என்று வேறு வழிகள் உள்ளன. பொட்டாசியத்துக்கு மட்டும் சோடியம் கோபால்டிநைட்ரைட்டு மஞ்சள் வீழ்படிவைத் தருகிறது. அம்மோனியமும் அதே மஞ்சளைத் தருவதால், அதை முன்கூட்டியே நீக்க வேண்டும். யூரியா இட்ட வயலின் அருகே கிணற்று நீரில் நைட்ரேட் கூடியிருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, வீழ்படிவுச் சோதனையால் விடை சொல்ல இயலாது.

சோதனை முடிந்த கழிவுகளை எங்கே ஊற்றுவது?

வாய்க்காலில் ஊற்றவே கூடாது. கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. எக்ஸ்ரே படத்துக்காக நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுப்பது கரையாத பேரியம் சல்பேட் என்பதால்தான் அது தீங்கு செய்வதில்லை. எனவே மிஞ்சிய பேரியம் கரைசலில் சோடியம் சல்பேட்டை மிகுதியாகச் சேர்த்து, முழுவதும் படியவைத்து, வடிகட்டி, படிவைத் தனியே சேமிக்க வேண்டும். வெள்ளிக் கழிவை உப்பு நீரால் படியவைத்து மூடியுள்ள பழுப்புப் பாட்டிலில் சேர்த்து வந்தால், ஆண்டு முடிவில் அதிலிருந்து வெள்ளியை மீட்கலாம். ஈயக் கழிவுக்கும் தனிப் பாட்டில் வேண்டும். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும், சில நாள் போகாது. கையுறை அணியுங்கள், கரைசல் பட்ட கையைக் காற்சட்டையில் துடைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடின் நெடி சட்டென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று எண்ணாமல் உடனே வெளியே வாருங்கள். செறிவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும்.